சீருடையிலிருந்து செனட் சபைக்கு: பென் நைட்ஹார்ஸ் கேம்ப்பெல்

நேயர்களுக்கு வணக்கம்.

1997 ஆகஸ்ட் 19. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கோல்புரூக் என்ற சிற்றூர். அங்கே ஒருவன் மாநிலக் காவலர் இருவர் உட்பட நான்கு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, எல்லை தாண்டி பக்கத்து மாநிலமான வெர்மாண்டுக்குள் ஓடினான். காட்டில் அவனைச் சுற்றி வளைத்தபோது, மத்தியக் காவலர்கள் குண்டு துளைக்காத உடுப்பு அணிந்திருந்தார்கள். உள்ளூர்க் காவலர் எல்லோரிடமும் அது இல்லை. ஒரே துப்பாக்கியின் முன் இரண்டு விதமான காவலர்கள்!

இதைப் பார்த்துச் சும்மா இருக்காதவர்களில் ஒருவர், கொலராடோவின் சார்பில் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் இருந்த பென் நைட்ஹார்ஸ் கேம்ப்பெல். வடக்கு செயென் பழங்குடியைச் சேர்ந்தவர். 1933இல் கலிபோர்னியாவின் ஆபர்ன் ஊரில் பிறந்தார். தாய்க்குக் காசநோய், தந்தைக்குக் குடிப்பழக்கம். சிறுவயதில் கொஞ்ச காலம் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். பள்ளியைப் பாதியில் விட்டு விமானப்படையில் சேர்ந்து, கொரியப் போரின்போது அங்கே படைக்காவலராகப் பணியாற்றினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜூடோ அணிக்குத் தலைவர். கலிபோர்னியாவில் ஷெரீஃப் எனப்படும் வட்டாரக் காவல் தலைவரின் கீழ்த் துணைக் காவலராகவும் இருந்தார். 1987இல் நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கும், 1993இல் செனட்டுக்கும் போனார். ரோந்து போனவருக்கு உடுப்பின் அருமையைச் சொல்லித்தர வேண்டுமா?

வெர்மாண்ட் செனட்டர் பேட்ரிக் லேஹியும் அவரும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம் 1998 ஜூனில் நிறைவேறியது. உடுப்பின் விலையில் பாதி வரை மத்திய அரசு தரும். மீதியை உள்ளூர் நிர்வாகம் போட வேண்டும். மாநிலங்கள், ஊராட்சிகளோடு பழங்குடி அரசுகளும் இதில் அடக்கம். 2000ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. இதுதான் சட்டத்தின் உயிர்நாடி என்பேன். நாலைந்து காவலர்களை மட்டும் வைத்திருக்கும் ஊருக்குப் பாதிப் பணம் என்பது பெரிய உதவி.

ஆனால் உடுப்பை வாங்கியதோடு வேலை முடிவதில்லை. கெவ்லார் போன்ற இழையைப் பல அடுக்காக நெய்து வைத்திருப்பார்கள். அது கைத்துப்பாக்கிக் குண்டைப் பிடித்து, விசையைப் பரப்பிவிடும். அப்போதும் உள்ளே விலா எலும்பு முறியலாம். ரைபிள் குண்டுக்கு இந்த மென்கவசம் தாங்காது. அதற்குத் தனியாகக் கெட்டித் தகடு வேண்டும். உடம்புக்கு அளவாக இல்லாவிட்டால் அக்குள் பக்கம் இடைவெளி விழும்.

இழையே ஏமாற்றியதும் உண்டு. ஸைலான் என்ற இழை எடை குறைவு என்று பல துறைகள் விரும்பி வாங்கின. 2003இல் பென்சில்வேனியாவில் ஒரு காவலரின் ஸைலான் உடுப்பைக் குண்டு துளைத்தது, அவர் காயமடைந்தார். ஈரமும் வெப்பமும் அந்த இழையின் வலுவைக் குறைத்துவிடுகின்றன என்று ஆய்வில் தெரிந்தது. உடம்போடு ஒட்டி, வேர்வையில் நனைந்தே கிடக்கும் உடுப்புக்கு இதைவிடக் கேடு வேறு என்ன? 2005இல் ஸைலானுக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. கேம்ப்பெல் செனட்டிலிருந்து விடைபெற்றதும் அந்த ஆண்டுதான்.

இன்னொரு குறையும் இருந்தது. புழுக்கத்துக்குப் பயந்து உடுப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். 2011 முதல், பணியில் இருக்கும் சீருடைக் காவலர் அதை அணிந்தே ஆக வேண்டும் என்று எழுத்துபூர்வமான விதி வைத்திருக்கும் துறைக்குத்தான் அந்தப் பாதிப் பணம் கிடைக்கும்.

நன்றி, வணக்கம்.