கடலடிக்குப் போற சாமான்: தண்ணில ஒரு கணக்கு, சேத்துல ஒரு கணக்கு

வணக்கமுங்க. நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் பம்பு, வால்வு, கேஸ்டிங்னு பட்டறை வெச்சிருக்கறவங்களுக்கு அப்பப்போ கடல் வேலை ஆர்டர் வருது. டிராயிங் ஓரத்துல "3,000 மீட்டர் ஆழம்"னு ஒரு வரி இருக்கும், மெட்டீரியல் கட்டத்துல 316னு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரேடு எழுதியிருக்கும். அதை மட்டும் வெச்சு ரேட்டு போட்டுறாதீங்க. சாமான் தண்ணிக்குள்ள தொங்குதா, சேத்து மேல உக்காருதா, சேத்துக்குள்ள பொதையுதான்னு முதல்ல கேளுங்க. மூணுக்கும் அரிப்பு வேற, போடற அனோடு (ஸ்டீலுக்குப் பதிலாத் தான் கரைஞ்சு அதைக் காப்பாத்தற உலோகக் கட்டி) எடையும் வேற.

3,000 மீட்டர்னா சுமார் 300 பார் பிரஷர். எல்லாரும் அதுக்குத்தான் பயப்படறாங்க. சீல், சுவர்த் தடிமன்னு பாத்தா பயப்பட வேண்டியதுதான். ஆனா அரிப்புல பிரஷர் நேரடியாப் பண்ற சோலி கம்மிங்க. குளோரைடும் மேலயும் கீழயும் ஒண்ணுதான், லிட்டருக்கு சுமார் 19 கிராம். மாறறது ஆக்சிஜன், சூடு, பிஹெச், கார்பனேட். இந்த நாலையும் பாக்கோணும்.

ஆக்சிஜனை எடுத்துக்குங்க. நம்ம பக்கத்துக் கடல்ல மேல்தண்ணில லிட்டருக்கு சுமார் 6 மில்லிகிராம் இருக்கும். அரபிக்கடல்ல 150 மீட்டர்ல இருந்து ஆயிரம் மீட்டர் வரைக்கும் ஒரு பட்டை இருக்குதுங்க, அதோட நடுவுல ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லைன்னே சொல்லலாம். மேல இருந்து விழற செத்த உயிர்ச்சத்தை பாக்டீரியா தின்னு, இருக்கற ஆக்சிஜனை அங்கயே காலி பண்ணிடுது. அதுக்குக் கீழ போனா ஆக்சிஜன் மறுபடி ஏறும், ஏன்னா தென்துருவப் பக்கம் முங்கின குளிர்ந்த தண்ணி அடியில ஊர்ந்து இங்க வருது. அதனால 600 மீட்டர்ல இருக்கற மைல்டு ஸ்டீலை விட 3,000 மீட்டர்ல இருக்கறது வேகமா அரிக்கலாம். ஆழம் கூடினா அரிப்பு குறையும்னு நேர்கோடு போட முடியாதுங்க.

1960-கள்ல அமெரிக்கக் கடற்படை பசிபிக்ல சுமார் 700 மீட்டர்லயும் 2,000 மீட்டர் பக்கத்துலயும் நூத்துக்கணக்கான உலோகத் துண்டுகளை முக்கி வெச்சுப் பாத்தாங்க. வெறும் ஸ்டீல் ஆக்சிஜன் அளவு போற வழியிலயே போச்சு. அலுமினியம் அப்படிப் போகலை. ஆழத்துல குழி விழறதும், இடுக்குல அரிக்கறதும் கூடிப்போச்சு. மேல 8.1 இருக்கற பிஹெச் கீழ 7.7 பக்கம் இறங்குது, தண்ணி 2, 3 டிகிரில கிடக்குது. இந்த ரெண்டும் சேந்தா அலுமினியத்தோட ஆக்சைடு தோல் கிழிஞ்ச இடத்துல மறுபடி மூடிக்கறது கஷ்டம். 6061 அலுமினிய அலாய்ல கேமரா ஹவுசிங் செய்யறவங்க, அனோடைசிங் பண்ணியாச்சுன்னு விட்டுறாதீங்க. ஓ-ரிங் காடியில ஒரு கீறல் இருந்தாலும் அரிப்பு அங்கதான் உள்ள இறங்கும்.

இப்ப 316-க்கு வரேன். குரோமியம் சதவீதம், கூட மாலிப்டினம் 3.3 மடங்கு, நைட்ரஜன் 16 மடங்கு. இதைக் கூட்டினா வர்ற நம்பரை வெச்சுத்தான் குழி விழாம தாக்குப்பிடிக்கறதை அளக்கறாங்க. 316-க்கு சுமார் 25 வரும், டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் கிரேடுகள்ல 2205-க்கு 35, 2507-க்கு 40-க்கு மேல. கடல்தண்ணிக்கு 40 தாண்டோணும்ங்கறது நடைமுறை. 316 பளபளன்னு இருக்கற இடத்துல அரிக்காது. வாஷருக்கு அடியில, கேஸ்கட் ஓரத்துலதான் அரிக்கும். இடுக்குல ஆக்சிஜன் தீந்ததும் உள்ள கரையற குரோமியம் தண்ணியோட சேந்து அமிலம் உண்டாக்குது, குளோரைடு வெளிய இருந்து உள்ள இழுபடுது, பிஹெச் 2, 3-க்கு வந்துரும். வெளிய பாத்தா புதுசு மாதிரி இருக்கும், கழட்டினா சீல் முகம் போயிருக்கும். குளிரு இதை மெதுவாக்கும், நிறுத்தாது. சென்னை என்ஐஓடி (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) உருவாக்கற மத்ஸ்யா 6000-ங்கற ஆழ்கடல் வாகனத்துல ஆளு உக்கார்ற உருண்டையை 80 மில்லிமீட்டர் தடிமன்ல டைட்டானியம் அலாய்ல செஞ்சிருக்கறதுக்கு, எடைக்கு ஏத்த பலத்தோட இந்த அரிப்புப் பிரச்சினை இல்லாததும் ஒரு காரணம். நம்ம பட்ஜெட்டுக்கு அது ஆகாது, ஸ்டீலும் அனோடும்தான்.

அனோடு போட்டா என்ன நடக்குதுன்னு பாருங்க. நம்மூர்ல ஆயிரம் அடி போர்ல இருந்து ஏத்தின மோட்டார் மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கும்ல, அதே மாதிரி சுண்ணாம்புப் படிவம் அனோடு பாதுகாக்கற ஸ்டீல் மேல கடல்லயும் படியும். ஸ்டீல் மேல ஆக்சிஜன் கரண்டை வாங்கி மாறறப்ப அந்த இடத்துல பிஹெச் ஏறுது, கால்சியம் கார்பனேட்டும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் ஒட்டிக்குது. போர் மோட்டாருக்கு அது கெரகம், இங்க நமக்கு லாபம். படிவம் மூடினா ஆக்சிஜன் உள்ள வராது, கரண்டு கம்மியாப் போதும். ஆழ்கடல்ல குளிரும் பிரஷரும் சேந்து கார்பனேட்டைக் கரைச்சு வெச்சுக்கும், படிவம் சரியா ஒட்டாது. அதனாலதான் அனோடு கணக்குக்கான டிஎன்வி பி401 விதிப்படி, வெப்பக்கடல்ல 30 மீட்டர் வரைக்கும் ஒரு சதுர மீட்டர் வெறும் ஸ்டீலுக்கு சராசரி 0.070 ஆம்பியர் எடுத்துக்கறோம். மேல்தண்ணியே 7 டிகிரிக்குக் குறைஞ்ச குளிர்க்கடல்ல 300 மீட்டருக்குக் கீழ 0.110 ஆம்பியர். சேத்துல பொதஞ்ச பகுதிக்கு வெறும் 0.020.

சேத்துல கம்மியா இருக்குதேன்னு சந்தோஷப்பட வேண்டாம். கரண்டுதான் கம்மி, ஆபத்து வேற ரூபத்துல வருது. காவேரி மாதிரி ஆறு கொண்டுபோய்க் கொட்டற கரையோரச் சேத்துல உயிர்ச்சத்து நெறைய. மேல சில மில்லிமீட்டர்லயே ஆக்சிஜன் தீந்துரும். அப்புறம் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுன்னு வரிசையாத் தின்னு, கடைசியா பாக்டீரியா சல்ஃபேட்டுக்கு வரும். கடல்தண்ணில சல்ஃபேட் லிட்டருக்கு 2.7 கிராம், தீனிக்குப் பஞ்சமே இல்லை. அதுல இருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகுது. மத்திய இந்தியப் பெருங்கடல்ல மாங்கனீசு உருண்டை கிடக்கற 5,000 மீட்டர் ஆழச் சேறு இப்படி இல்லீங்க. அங்க உயிர்ச்சத்து நெம்ப கம்மி, அதனால ஆக்சிஜன் சேத்துக்குள்ள இறங்கியே இருக்கும். ஆழச் சேறுன்னாலே கெட்ட சேறுன்னு எடுத்துக்காதீங்க. கரையோரம்தான் மோசம்.

இந்தத் துண்டைப் பாருங்க, கிரே அயர்ன் கேஸ்டிங். சல்ஃபைடு சேத்துல கிடந்தா எப்படி ஆகும்ங்கறதுக்குக் காட்டறேன். அளவு அப்படியே இருக்குது, அச்சு வரி கூடத் தெரியுது. இப்ப பேனாக்கத்தியை வெக்கறேன்... பாருங்க, இறங்குது. இரும்பு போயி கிராஃபைட் கூடு மட்டும் நிக்குது. மேல கறுப்புப் பூச்சு இரும்பு சல்ஃபைடு. ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் விட்டா அழுகின முட்டை வாசம் வரும். காத்தோட்டமான இடத்துல மட்டும் பண்ணுங்க, அந்த வாயு விஷம். காத்துல கொஞ்ச நேரம் வெச்சா கறுப்பு துருநெறத்துக்கு மாறிடும், அதனால எடுத்த உடனே பாத்துரோணும். கிரே அயர்னைச் சேத்துல பொதைக்கற ஆர்டர் வந்தா நானு வேண்டாம்பேன்.

பாதி சேத்துல, பாதி தண்ணில நிக்கற காலு இன்னும் மோசம். மேல்பாதிக்கு ஆக்சிஜன் கிடைக்குது, கீழ்பாதிக்கு இல்லை. கீழ்பாதியே அனோடு மாதிரி கரையற பக்கமா மாறி, சேத்து மட்டத்துக்குச் சித்தக் கீழ பட்டையா அரிக்கும். தடிமன் அளக்கறவங்க அந்த இடத்தைத்தான் முதல்ல அளக்கோணும். பாதுகாப்பு அளவும் அங்க மாறுது. சில்வர் குளோரைடு எலக்ட்ரோடை ஒப்பீட்டுக்கு வெச்சு ஸ்டீலோட வோல்ட்டைப் பாத்தா சாதாரணத் தண்ணில மைனஸ் 0.80 வோல்ட் போதும், சல்ஃபைடு சேத்துல மைனஸ் 0.90 வேணும்.

கணக்குப் போட்டுக் காட்டறேன். 10 சதுர மீட்டர் வெறும் ஸ்டீல், குளிர்க்கடல்ல 3,000 மீட்டர் ஆழம், 5 வருஷம். பத்தை 0.110-ஆல பெருக்கினா 1.1 ஆம்பியர். 5 வருஷம்னா 43,800 மணி. பெருக்கினா 48,180 ஆம்பியர்-மணி. அலுமினிய அனோடு கிலோவுக்கு 2,000 ஆம்பியர்-மணி தரும், அதுல 80 சதவீதம்தான் உபயோகம்னு எடுத்தா 1,600. வகுத்தா 30 கிலோ. அதே ஸ்டீல் முழுசாப் பொதஞ்சு, அனோடும் சேத்துலயே கிடந்தா 8,760 ஆம்பியர்-மணி போதும். ஆனா சேத்துக்குள்ள அனோடு கிலோவுக்கு 1,500-தான் தரும், வோல்ட்டும் 1.05-ல இருந்து 0.95-க்கு இறங்கும். 7.3 கிலோ வரும். அனோடைச் சேத்துக்கு மேல வெச்சு இணைச்சா 5.5 கிலோ. முடிஞ்சா மேல வெச்சுருங்க. கூடவே, படிவம் ஒட்டறதுக்கு முன்னால வேண்டிய ஆரம்பக் கரண்டையும் சரி பாருங்க. ஆழத்துல சதுர மீட்டருக்கு 0.220, மொத்தம் 2.2 ஆம்பியர். எடை சரியா இருந்து அனோடோட மேல்பரப்பு பத்தாமப் போனா, தொடக்கத்துலயே பாதுகாப்பு வராது.

அனோடை நம்ம ஃபவுண்டரியிலயே ஊத்தலாம். 100 கிலோ அலுமினியக் கலவைக்குத் துத்தநாகம் 2.5-ல இருந்து 5.75 கிலோ, இண்டியம் 15-ல இருந்து 40 கிராம். இரும்பு 0.09 சதவீதம் தாண்டக்கூடாது, செம்பு 0.003. இங்கதான் எல்லாம் கெட்டுப்போகுது. 99.7 சதவீத அலுமினிய இங்காட்ல இரும்பு 0.2 வரைக்கும் இருக்க அனுமதி உண்டு, அதனால சர்டிஃபிகேட்ல இரும்பு வரியைப் பாத்துத்தான் வாங்கோணும். ஸ்கிராப் ஒரு துளி கூட ஆகாது, செம்பு வந்துரும். கிராஃபைட் குருசிபிள் போடுங்க, லேடிலுக்கு வாஷ் கோட் அடிங்க. வெறும் இரும்புக் கரண்டி விட்டா அலுமினியம் இரும்பைத் தின்னுக்கும். இண்டியத்தை அலுமினியத் தகட்டுல சுத்தி அடியில முக்கிக் கலக்குங்க, கனம் கூட, கீழ தங்கிரும். உள்ள வெக்கற ஸ்டீல் பட்டையைப் பிளாஸ்ட் பண்ணாம ஊத்தினா இடைவெளி விழுந்து, பாதி காலத்துலயே அனோடு கழண்டு விழும்.

போல்ட்டு விஷயத்துல கண்டிப்பா இருங்க. 12.9 கிரேடு ஆலன் போல்ட் வேண்டாம், அதோட கடினம் 385 விக்கர்ஸ்லயே ஆரம்பிக்குது. வரம்பு 350. அனோடு இணைப்புல ஸ்டீல் மேல ஹைட்ரஜன் உண்டாகும், சல்ஃபைடு இருந்தா அது இன்னும் சுலபமா உள்ள புகுந்து, போல்ட் சத்தமில்லாம ஒடியும். 8.8 கிரேடு போட்டு, சைஸை ஒண்ணு கூட்டிக்குங்க.

பட்டறையில அரிப்பு டெஸ்ட் பண்ற தண்ணிக்கு வெறும் உப்புக் கரைசல் வேண்டாம், அதுல கார்பனேட்டும் இல்லை, சல்ஃபேட்டும் இல்லை. செயற்கைக் கடல்தண்ணிக்கான ஏஎஸ்டிஎம் டி1141 கலவையில மெக்னீசியம் குளோரைடு லிட்டருக்கு 5.20 கிராம்னு இருக்கும். அது தண்ணியில்லாத உப்புக்கான கணக்கு. நம்ம கடையில கிடைக்கறது தண்ணி சேந்த ஹெக்ஸாஹைட்ரேட், அதுல 11.1 கிராம் போடோணும்.

சாமானைத் தாட்டி விடறதுக்கு முன்னால ஒவ்வொரு அனோடுக்கும் ஸ்டீலுக்கும் நடுவுல மில்லிஓம் மீட்டர் வெச்சுப் பாருங்க. 0.10 ஓமுக்கு மேல காட்டினா போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் இருக்குதுன்னு அர்த்தம், சுரண்டிட்டு மறுபடி முறுக்குங்க. அளந்த நம்பரை டெஸ்ட் ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்துருங்க. வரேனுங்க.