தப்பு செய்யும் வசதி

நடுவர் அவர்களுக்கும், என் பேச்சில் ஓட்டை தேடக் காகிதமும் பேனாவுமாகக் காத்திருக்கும் எதிரணியினருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அணியை ஜெயிக்க வைப்பது பணமா, ஆள் தேர்வா? இதுதான் தலைப்பு. பணமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி ஓக்லாண்ட் ஏஸைக் காட்டினார், டாம்பா பே ரேஸைக் காட்டினார், நியூயார்க் மெட்ஸைக் காட்டிச் சிரிக்கவும் வைத்தார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும்தான் தட்டினேன். ஆனால் ஒவ்வொரு கதையையும் தனக்கு வசதியான இடத்தில் நிறுத்திவிட்டார் நடுவர் அவர்களே. நான் மிச்சத்தைச் சொல்கிறேன்.

ஓக்லாண்டிலிருந்து தொடங்குவோம். 2002-ல் அந்த அணியின் மொத்தச் சம்பளம் சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் சுமார் 12.5 கோடி. இரண்டு அணிகளும் அந்த ஆண்டு ஆளுக்கு 103 ஆட்டங்கள் ஜெயித்தன. ஓக்லாண்ட் நடுவில் தொடர்ச்சியாக 20 ஆட்டங்களை வேறு ஜெயித்தது. பொது மேலாளர் பில்லி பீன், மற்றவர்கள் ஒதுக்கிய வீரர்களைப் புள்ளிவிவரத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார். அதை வைத்துப் புத்தகம் வந்தது, சினிமாவும் வந்தது. தம்பி சினிமாவைப் பார்த்திருக்கிறார். அந்த ஆண்டின் ஸ்கோர் அட்டையைப் பார்க்கவில்லை.

அந்த அணியில் ஹட்சன், மல்டர், ஜீட்டோ என்று மூன்று பந்து வீச்சாளர்கள் இருந்தார்கள். உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு இரண்டு பாதிகள்: அமெரிக்கன் லீக், நேஷனல் லீக். 2002-ல் அமெரிக்கன் லீகின் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது பாரி ஜீட்டோவுக்குப் போனது. அதே லீகின் மிகச் சிறந்த வீரர் விருது மிகேல் டெஹாதாவுக்கு. அவரும் ஓக்லாண்ட்தான். இத்தனை பேரும் ஒரே அணியில், மொத்தம் 4 கோடிக்குள்! எப்படி முடிந்தது? பீனின் கணக்குக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. பெரிய பங்கு சம்பள விதிக்கு.

மேஜர் லீகில் ஒரு வீரர் முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் வாங்குவார். 2025-ல் அது 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று வருடம் நடுவர் மன்றத்துக்குப் போய் உயர்த்திக் கேட்கலாம். (அந்த நடுவர் வேறு, இப்படிக் கையில் மணியை வைத்துக்கொண்டு பயமுறுத்த மாட்டார்.) ஆறு வருடம் முடிந்தால்தான் அதிகம் கொடுப்பவரிடம் போகும் சுதந்திரம். ஆக, இளம் வீரர்களை வைத்து ஓர் ஏழை அணி ஜெயிக்கலாம், அந்தச் சில வருடங்கள் தீரும் வரை.

தீர்ந்த பிறகு என்ன நடந்தது? ஓக்லாண்டின் நட்சத்திரம் ஜேசன் ஜியாம்பி 2002-க்கு முந்தைய குளிர்காலத்திலேயே 7 வருடம் 12 கோடி டாலருக்கு யாங்கீஸுக்குப் போயிருந்தார். 2003 பருவம் முடிந்ததும் டெஹாதா பால்டிமோருக்குப் போனார். 2004 டிசம்பரில் ஹட்சனையும் மல்டரையும் சில நாள் இடைவெளியில் ஓக்லாண்டே டிரேட் செய்தது, அதாவது வேறு அணிகளுக்குக் கைமாற்றியது. 2006 முடிந்ததும் ஜீட்டோ வளைகுடாவின் அந்தக் கரைக்கு, சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்கு, 7 வருடம் 12.6 கோடிக்குப் போனார். பந்து வீச்சாளர் ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை அது.

இப்போது வருவதைத்தான் நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஜீட்டோ சான் பிரான்சிஸ்கோவில் சோபிக்கவில்லை. 2010-ல் ஜயண்ட்ஸ், அக்டோபரில் நடக்கும் இறுதிக் கட்டமான பிளே ஆஃபுக்குப் போனபோது, அத்தனை கோடி வாங்கிய மனிதருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. படுதோல்வியான ஒப்பந்தம். அந்த வருடம் ஜயண்ட்ஸ் என்ன ஆனது தெரியுமா? வேர்ல்ட் சீரிஸ் என்ற சாம்பியன் கோப்பையைத் தூக்கியது! ஓக்லாண்ட் இதே தவறைச் செய்திருந்தால்? 4 கோடியில் அணி நடத்துகிறவர் ஒரே வீரருக்கு 12.6 கோடியை ஏழு வருடத்துக்கு எழுதிக் கொடுத்து, அது வீணாகியிருந்தால், அந்த ஏழு வருடமும் அணி எழுந்திருக்காது.

என் கட்சி இதுதான். பணம் கோப்பையை நேராக வாங்கித் தருகிறது என்று நான் சொல்லவில்லை. தப்பு செய்யும் வசதியை அது வாங்கித் தருகிறது. பணக்கார அணி நான்கு தேர்வில் இரண்டைக் கோட்டைவிட்டாலும் அக்டோபரில் விளையாடும். ஏழை அணி நான்கையும் சரியாகச் செய்தாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருடமும்.

தம்பி மெட்ஸைச் சொல்லிச் சிரித்தார் இல்லையா? நல்ல உதாரணம், எனக்கு. 2023-ல் மேக்ஸ் ஷெர்சர், ஜஸ்டின் வெர்லாண்டர் என்ற இரண்டு மூத்த பந்து வீச்சாளர்களுக்கு வருடத்துக்கு ஆளுக்கு 4.3 கோடி டாலர். ஆடம்பர வரி மட்டும் சுமார் 10 கோடி. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அணி லீகுக்குக் கட்டும் அபராதம் மாதிரியான வரி அது. இவ்வளவும் கொட்டி 75 ஆட்டம் ஜெயித்து 87-ல் தோற்றார்கள். சிரிப்புத்தான். பிறகு என்ன செய்தார்கள்? பருவத்தின் நடுவிலேயே இருவரையும் டெக்சாஸுக்கும் ஹூஸ்டனுக்கும் அனுப்பினார்கள். அவர்கள் சம்பளத்தில் பெரும்பகுதியையும் தாங்களே கட்டினார்கள். பதிலுக்கு நல்ல இளம் வீரர்களை வாங்கிக்கொண்டார்கள். விழுந்த குழியில் கூடப் பணம் போட்டு இளம் வீரர்களை எடுத்திருக்கிறார்கள் நடுவர் அவர்களே! அடுத்த வருடம், 2024-ல், அதே மெட்ஸ் நேஷனல் லீக் இறுதித் தொடரில் ஆறாவது ஆட்டம் வரை நின்றது. 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருடம் 76.5 கோடி எழுதிவிட்டு, 2025-ல் 83 வெற்றியோடு பிளே ஆஃபைத் தவறவிட்டார்கள். உண்மைதான். அதற்காக அந்த முதலாளி கடையைக் காலி செய்யப்போகிறாரா என்ன?

சரி, டாம்பா. சின்ன வருமானத்தில் 2008-லும் 2020-லும் வேர்ல்ட் சீரிஸ் வரை போன அணி. ஆள் தேர்வில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்றார் தம்பி. நானும் அப்படியே சொல்கிறேன். 2025 அக்டோபரில் நடந்த நேஷனல் லீக் இறுதித் தொடரைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸின் முதல் ஆட்டத்தில் பந்து வீசியவர் பிளேக் ஸ்னெல். எட்டு இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட், ஒரு ரன்னும் இல்லை. டாம்பா தேர்ந்தெடுத்து வளர்த்தவர். 2018-ல் டாம்பா சட்டையில் சை யங் வாங்கியவர். 2020 வேர்ல்ட் சீரிஸ் முடிந்த கையோடு டாம்பா அவரை டிரேட் செய்தது. மூன்றாவது ஆட்டத்தில் வீசியவர் டைலர் கிளாஸ்னோ. அவர் பிட்ஸ்பர்க்கில் தொடங்கி, டாம்பாவில் தேறி, 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸுக்குப் போனவர். நாற்று விட்டது டாம்பா, அறுவடை லாஸ் ஏஞ்சலிஸில். டாம்பாவின் வேர்ல்ட் சீரிஸ் கோப்பைக் கணக்கு இன்றைக்கும் பூஜ்யம்.

அந்தத் தொடரில் எதிரே நின்றது யார்? மில்வாக்கி ப்ரூவர்ஸ். எனக்குப் பிடித்த அணி, அதனால் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2025-ல் 97 வெற்றி, மொத்த மேஜர் லீகிலும் முதலிடம். லீக் சுற்றில் டாட்ஜர்ஸோடு ஆறு முறை மோதி ஆறிலும் ஜெயித்தார்கள். அந்தக் கோடையில் டாட்ஜர்ஸின் பந்து வீச்சாளர்களில் பாதிப் பேர் காயத்தில் இருந்தார்கள். அக்டோபரில் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஸ்னெல் 5 வருடம் 18.2 கோடி. யமமோட்டோ 12 வருடம் 32.5 கோடி. அப்புறம் கிளாஸ்னோ. நான்காவது ஆட்டத்தில் 70 கோடி ஓஹ்தானி: ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி, பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, தானே மூன்று ஹோம் ரன்னும் அடித்தார். நான்கு ஆட்டத்திலும் சேர்த்து மில்வாக்கி எடுத்தது நாலே நாலு ரன்.

பந்து வீச்சாளர் பாதிப் பேர் படுத்தாலும் பிளே ஆஃபுக்கு வர முடிகிறது பாருங்கள், அதைத்தான் வசதி என்கிறேன். அதே வருடம் டாட்ஜர்ஸ் மைக்கேல் கன்ஃபோர்ட்டோவுக்கு 1.7 கோடி கொடுத்தது. அவர் பத்து முறைக்கு இரண்டு ஹிட்கூட இல்லாத .199 சராசரியில் அடித்தார், பிளே ஆஃப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. யாராவது பதறினார்களா? கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 2025-க்கு அவர்கள் கட்ட வேண்டியிருந்த ஆடம்பர வரி மட்டும் 16.9 கோடி டாலர். மில்வாக்கி தன் அணி முழுவதற்கும் கொடுத்த சம்பளத்தைவிட அது அதிகம்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய பங்கு உள்ளூர் டிவி. டாட்ஜர்ஸ் 2013-ல் போட்ட ஒப்பந்தம் 25 வருடத்துக்கு 835 கோடி டாலர். உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தை எல்லா அணிகளும் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன என்பது நிஜம். பிரித்த பிறகும் மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. மில்வாக்கி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஆள் எடுத்தாலும் ஊர் பெரிதாகாது.

“சின்ன அணி முதலாளிகள் கஞ்சர்கள், பங்கு வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்” என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். 2018-ல் வீரர்கள் சங்கமே பிட்ஸ்பர்க், டாம்பா, மயாமி, ஓக்லாண்ட் ஆகிய நான்கு அணிகள் மீது இதற்காக முறையீடு செய்தது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் முதலாளி காசை இறுக்கிப் பிடித்ததால் அணி தோற்கிறது என்றால், தோற்கடித்தது காசுதானே?

“2001 முதல் 2023 வரை 23 வருடத்தில் 16 வெவ்வேறு அணிகள் கோப்பை வாங்கியிருக்கின்றன” என்பது அவர்களின் அடுத்த அம்பு. எண் சரி, நானும் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பதினாறில் நிஜமான ஏழை அணி எது? என் கண்ணுக்கு 2003 ஃப்ளோரிடா மார்லின்ஸ் ஒன்றுதான் தெரிகிறது. மற்றவை பணக்கார அணிகள், இல்லாவிட்டால் நடுத்தரம். பணக்காரர்கள் பலர் இருப்பதால் கோப்பை அவர்களுக்குள் கை மாறுகிறது. சரி, அந்தக் காலமும் போயிற்று. 2024, 2025 இரண்டும் டாட்ஜர்ஸுக்கு. தொடர்ந்து இரண்டு முறை என்பது 1998 முதல் 2000 வரை மூன்று முறை வாங்கிய யாங்கீஸுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

ஆள் தேர்வு என்று தனியாக ஒன்று இருப்பதாகவே எதிரணி பேசுகிறது. இருக்கிறதா? 2015 பயிற்சி ஆட்டங்களில் கிரிஸ் பிரையன்ட் ஒன்பது ஹோம் ரன் அடித்தார், வேறு யாரையும்விட அதிகம். சிகாகோ கப்ஸ் அவரைக் கீழ்மட்ட மைனர் லீகுக்கு அனுப்பியது. தற்காப்பு ஆட்டத்தில் தேற வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 17-ல் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு வருடப் பணிக்காலம் என்பது 172 நாள். அவருக்குச் சேர்ந்தது 171. அந்த ஒரு நாளால் அவருடைய சுதந்திரம் ஒரு முழு வருடம் தள்ளிப்போனது. அவர் முறையிட்டார், 2020-ல் தோற்றார். அன்றைக்கு அணிப் பட்டியலை எழுதியது பயிற்சியாளரா, கணக்குப்பிள்ளையா?

மணி அடிக்கக் கை போகிறது, தெரிகிறது. ஒரே நிமிடம்.

மில்வாக்கி 2022 ஆகஸ்ட் 1 அன்று தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. அன்று தன் மிகச் சிறந்த கடைசிக் கட்டப் பந்து வீச்சாளர் ஜாஷ் ஹேடரை சான் டியாகோவுக்கு அனுப்பியது. அவருடைய சுதந்திரம் நெருங்குகிறது, கேட்கும் தொகையைக் கொடுக்க முடியாது. அந்தப் பருவம் 86 வெற்றியோடு முடிந்தது. 87 ஜெயித்த பிலடெல்பியா பிளே ஆஃபுக்குள் போய், வேர்ல்ட் சீரிஸ் வரை விளையாடியது. 2024 பிப்ரவரியில் இன்னொரு பந்து வீச்சாளர் கார்பின் பர்ன்ஸ் போனார், அதே வருடம் டிசம்பரில் டெவின் வில்லியம்ஸ். அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவி, ஹேடருக்குப் பதிலாக வந்தவரைக் கைமாற்றித்தான் வில்லியம் கான்ட்ரேராஸ் என்ற அருமையான கேட்சர் கிடைத்தார் என்பார். வில்லியம்ஸுக்குப் பதிலாக டர்பின் என்ற வீரர் வந்தார் என்பார். எல்லாம் சரி அக்கா, அவை நல்ல தேர்வுகள்தான். அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். முதலிடத்தில் நிற்கும்போது தன் சிறந்த பந்து வீச்சாளரைச் சம்பளத்துக்குப் பயந்து விற்கலாமா வேண்டாமா என்று டாட்ஜர்ஸ் அலுவலகத்தில் எந்த வருடம் யோசித்தார்கள்? அந்த வருடத்தைச் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். வணக்கம்.