ஒரு கிராமம், மூன்று பணப்பெட்டிகள்: எட்வர்டு காலத்து இங்கிலாந்துப் பாரிஷ்

நேயர்களுக்கு வணக்கம். பாரிஷ் என்பது இங்கிலாந்துத் திருச்சபையின் ஒரு குருவானவருக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி; ஊர் நிர்வாகத்துக்கும் அதுவே சிறிய அலகு.

மன்னர் ஏழாம் எட்வர்டு 1901 ஜனவரியில் அரியணை ஏறினார். 1910 மே மாதம் மறைந்தார். முதல் உலகப் போர் மூண்ட 1914 வரை உள்ள ஆண்டுகளையும் சேர்த்தே எட்வர்டு காலம் என்று சொல்வது வழக்கம். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கிராமம் என்றதும் கல்லால் கட்டிய தேவாலயம், குருவானவர் வீட்டுப் புல்வெளி, கிரிக்கெட் ஆட்டம் என்று ஒரு படம் நம் மனத்தில் விரியும். அந்த ஊரை யார் நடத்தினார்கள், எந்தப் பணத்தில் நடத்தினார்கள் என்று கேட்டுப் பார்த்தால் அந்தப் படம் வேறாகத் தெரிகிறது. பணம் வந்த வழியைப் பின்தொடர்ந்து போனால் ஊரின் அதிகாரம் முழுவதும் புரிந்துவிடும் என்பது என் எண்ணம். அங்கே மூன்று பணப்பெட்டிகள் இருந்தன. குருவானவருடையது ஒன்று, ஊர் வரியில் நிரம்புவது ஒன்று, 1909-இல் புதிதாக வந்து சேர்ந்த அரசுப் பெட்டி ஒன்று.

கணக்குகளைச் சொல்லும் முன் நாணயத்தைச் சொல்லிவிடுகிறேன். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1907-இல் அரசு எடுத்த கணக்குப்படி, இங்கிலாந்தில் ஒரு பண்ணைத் தொழிலாளியின் சராசரி வார வருமானம் ஏறத்தாழ 18 ஷில்லிங். ஆக்ஸ்போர்டுஷயர், டார்செட் போன்ற தெற்குப் பகுதிகளில் அதைவிடக் குறைவு. வடக்கே, சுரங்கங்களும் ஆலைகளும் ஆட்களை இழுத்துக்கொண்டிருந்த இடங்களில் கூடுதல்.

முதல் பெட்டிக்கு வருவோம். விளைச்சலில் பத்தில் ஒன்றைத் திருச்சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் பல நூற்றாண்டு வழக்கம். கதிர்க்கட்டாகவும் ஆட்டு ரோமமாகவும் கொடுத்துவந்ததை 1836-ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக்கியது. அதை ஒரு நிலையான தொகையாக வைத்துவிடவில்லை. ஒரு நிலத்துக்கு 100 பவுண்டு என்று முடிவானால், அந்த நூறை மூன்று சம பங்காக்கினார்கள். ஒரு பங்குக்கு அன்றைய சராசரி விலையில் எத்தனை புஷல் (தானியம் அளக்கும் ஒரு முகத்தல் அளவு) கோதுமை கிடைக்கும், அடுத்த பங்குக்கு எத்தனை புஷல் பார்லி, மூன்றாவதற்கு எத்தனை புஷல் ஓட்ஸ் என்று கணக்கிட்டார்கள். கோதுமை 94.95 புஷல், பார்லி 168.42, ஓட்ஸ் 242.42. இந்த அளவுகள் சட்டத்தில் நிலைத்துவிட்டன. பிறகு ஒவ்வோர் ஆண்டும், கடந்த 7 ஆண்டுகளின் சராசரி விலையில் இத்தனை தானியம் என்ன விலை போகுமோ, அதுதான் அந்த ஆண்டுக்கான தசமபாகம்.

ஏழாண்டுச் சராசரி என்பதால் ஒரு மோசமான அறுவடை குருவானவரைக் கவிழ்த்துவிடாது. ஆனால் விலை ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனால் சராசரியும் கூடவே இறங்கும். விலை ஏறத் தொடங்கினாலும் வருமானம் மெதுவாகத்தான் மீளும். நடந்தது இதுதான். 1870-களின் இறுதியிலிருந்து அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. 1901-இல் 100 பவுண்டு தசமபாகத்தின் மதிப்பு 66 பவுண்டு 10 ஷில்லிங் சொச்சம்தான். ஏட்டில் 300 பவுண்டு வருமானம் உள்ள குருவானவரின் கைக்கு 200 பவுண்டு வந்தது. அவருடைய பதவியோடு சேர்ந்து வந்த மானிய நிலத்தின் குத்தகையும் அதே காரணத்தால் விழுந்தது. தசமபாகத்தின் மேலேயே ஊர் வரியும் கட்ட வேண்டும். 1899-இல் ஒரு சட்டம் குருமாருக்கு அதைப் பாதியாக்கியது. வீட்டைப் பழுதுபார்த்து வைக்காமல் அவர் இறந்துபோனால், அடுத்து வருபவருக்கு அந்தப் பழுதுக்கான தொகையை விதவை மனைவி கொடுக்க வேண்டும். பெரிய வீடு, நீண்ட கூரை, சுருங்கிய வருமானம். அந்தக் காலத்துக் குருவானவர் பலரும் கனவானாகத் தோற்றம் தந்துகொண்டே கடனில் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் அவரை யாரும் அசைக்க முடியாது. நியமிக்கும் உரிமை ஊரின் பெரிய நிலக்கிழாரிடமோ, பிஷப்பிடமோ, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றிடமோ இருக்கும். ஒருமுறை அமர்ந்துவிட்டால் பதவி அவருடைய சொத்து போலத்தான். ஊர் மக்களுக்கு அதில் குரல் இல்லை. ஈஸ்டர் வாரத்தில் கூடும் வெஸ்ட்ரி என்ற பாரிஷ் கூட்டத்தில், தேவாலயத்தைக் கவனித்துக்கொள்ள இரண்டு சர்ச் வார்டன்களைத் தேர்ந்தெடுப்பார்கள். வழக்கமாக ஒருவர் குருவின் ஆள், ஒருவர் மக்களின் ஆள். தேவாலயப் பராமரிப்புக்கான கட்டாய வரி 1868-லேயே ஒழிந்துவிட்டதால், கூரையில் ஓட்டை விழுந்தால் காணிக்கையையும் நிலக்கிழாரின் தாராளத்தையும்தான் நம்ப வேண்டும்.

இரண்டாவது பெட்டி, 'ரேட்' என்ற ஊர் வரி. வீட்டுக்கும் நிலத்துக்கும் ஓர் ஆண்டு வாடகை மதிப்பு போட்டு, அந்த மதிப்பில் பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று வசூலிப்பார்கள். வசூல் செய்தவர் ஓவர்சியர். நடைமுறையில் சம்பளத்துக்கு வைத்த உதவி ஓவர்சியர். மாவட்டத்துக்கும் ஏழைகள் நிவாரணத்துக்கும் சாலைக்கும் போக மிச்சம் சொற்பம். 1894-ஆம் ஆண்டுச் சட்டம் 300 பேரோ அதற்கு மேலோ வாழும் ஒவ்வொரு கிராமப்புறப் பாரிஷுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்றைக் கொடுத்தது. பெண்கள் வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் ஆகலாம். தொழிலாளிகள் வேலை முடிந்து வர முடியும் என்பதற்காக ஊர்க்கூட்டம் மாலை 6 மணிக்கு முன் தொடங்கக் கூடாது. வேறு இடம் கிடைத்தால் மதுக்கடையில் கூடக் கூடாது. பள்ளி அறையை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நல்ல சட்டம்தான், ஆனால் அதன் பணப்பை மிகச் சிறியது. ஊர்க்கூட்டத்தின் ஒப்புதல் இல்லாமல் பவுண்டுக்கு 3 பென்ஸுக்கு மேல் செலவிட முடியாது. ஒப்புதல் இருந்தாலும் 6 பென்ஸ்தான். ஊரின் மொத்த வரி மதிப்பு 2,400 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பவுண்டுக்கு ஒரு பென்னி போட்டால் 2,400 பென்ஸ், அதாவது 10 பவுண்டு. மூன்று பென்ஸ் போட்டாலும் ஆண்டுக்கு 30 பவுண்டுதான். இதில் தெருவிளக்கு எரிப்பதா, கிணற்றைச் சீர்செய்வதா, காய்கறி பயிரிட நிலம் குத்தகைக்கு எடுப்பதா?

இன்னொரு குறை அதைவிட ஆழமானது. தேர்தல், ஊர்க்கூட்டத்தில் கை தூக்கி நடந்தது. ரகசிய வாக்கெடுப்பு கேட்கலாம்; ஆனால் அந்தச் செலவு ஊர்ப் பணத்தில் விழும். தொழிலாளி குடியிருந்த வீடு பெரும்பாலும் பண்ணைக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும். அந்தப் பண்ணைக்காரர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, பின் வரிசையிலிருந்து யாருக்காகக் கை தூக்குவது? பல ஊர்களில் 1894-இல் பொங்கிய உற்சாகம் சில ஆண்டுகளில் வடிந்து, குருவும் பண்ணைக்காரர்களும் மீண்டும் மேசையைச் சுற்றி அமர்ந்ததற்கு இந்தக் கைதூக்கல் ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மன்றம் உண்மையில் சாதித்தது எங்கே என்றால், பணம் தேவைப்படாத இடங்களில். ஒற்றையடிப் பாதையை நிலக்கிழார் மூடவோ திருப்பவோ நினைத்தால் மன்றத்தின் சம்மதம் வேண்டும். பழைய அறக்கட்டளைகளின் கணக்கை ஊர்க்கூட்டத்தில் வைத்தாக வேண்டும். திருச்சபை சாராத அறக்கட்டளைகளில் அறங்காவலரை நியமிக்கும் உரிமையும் கிடைத்தது. என்றோ இறந்த ஒருவர் எழுதிவைத்த ரொட்டியும் நிலக்கரியும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் யாருக்குப் போகிறது, வேறு சபைக்குப் போகிறவர்களுக்கும் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்க முடிந்தது. சிறிய விஷயம் போலத் தெரியலாம். குளிர்காலத்தில் ஒரு மூட்டை நிலக்கரி அந்த வீடுகளில் சிறிய விஷயம் இல்லை.

ஏழைகள் நிவாரணம் பாரிஷை விட்டு 1834-லேயே போய்விட்டது. பல பாரிஷ்கள் சேர்ந்த யூனியன், நிவாரணத்தை நிர்வகிக்க ஒரு கார்டியன் சபை, ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் ஒர்க்ஹவுஸ் என்ற விடுதி ஒன்று. ஊரிலிருந்து கிராமப்புற மாவட்ட மன்றத்துக்குத் தேர்வானவரே கார்டியனாகவும் இருப்பார். வாரம் சில ஷில்லிங்கும் ரொட்டியும் வீட்டுக்கே வரலாம், அல்லது ஒர்க்ஹவுஸுக்கு வரச் சொல்லலாம். எதைப் பெற்றாலும் வாக்குரிமை போகும். ஒர்க்ஹவுஸில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் அந்த இடத்தின் பெயர் வர வேண்டாம் என்று 1904-இல் உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால், அந்த அவமானம் எவ்வளவு கனத்தது என்று புரியும்.

இந்த நிலையில்தான் மூன்றாவது பெட்டி திறந்தது. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1909 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை, முதல் முதியோர் ஓய்வூதியம் தபால் அலுவலகங்களில் கொடுக்கப்பட்டது. 70 வயது நிறைந்து, ஆண்டு வருமானம் 21 பவுண்டுக்கு மிகாதவருக்கு வாரம் 5 ஷில்லிங். அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து 31 பவுண்டு 10 ஷில்லிங்கைத் தாண்டினால் ஒன்றுமில்லை. 1908 தொடக்கத்துக்குப் பின் ஏழை நிவாரணம் வாங்கியவர்களை முதல் இரண்டு ஆண்டு ஒதுக்கிவைத்தார்கள். மிகவும் தேவைப்பட்டவர்களுக்கே கதவை மூடிய அந்தக் கொடுமை 1911-இல்தான் நீங்கியது.

பணம் லண்டனிலிருந்து வந்தது. குருவின் தயவு வேண்டாம், நிலக்கிழாரின் தயவும் வேண்டாம். ஆனால் வயதை நிரூபிக்க வேண்டுமே! இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ஆம் தேதிதான் தொடங்கியது. அப்படியானால் முதல் நாளில் எழுபத்தொன்றரை வயதைத் தாண்டியிருந்த எவருக்கும் அரசுச் சான்றிதழ் கிடையாது. அதற்குப் பின் பிறந்தவர்களிலும் பதியாமல் விட்டவர்கள் நிறைய. பதியாததற்குத் தண்டனை 1874-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கடுமையானது. மிச்சம் இருந்த வழி, தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு.

1812-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பதிவேட்டுக்கு அச்சடித்த படிவம் கொடுத்திருந்தது. ஈரம் புகாத, வண்ணம் பூசிய இரும்புப் பெட்டியில் அதை வைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒரு பக்கத்தில் எட்டுப் பதிவுகள். ஞானஸ்நான நாள், குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தொழில், நடத்திய குருவின் கையொப்பம். பிறந்த தேதிக்குக் கட்டமே இல்லை! சில குருமார் ஓரத்தில் எழுதிவைத்தார்கள், பலர் எழுதவில்லை. சிக்கல் இங்கேதான். நாலைந்து வயதில், தம்பி தங்கைகளோடு சேர்த்து ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர், ஏட்டின்படி அத்தனை ஆண்டு இளையவர் ஆகிவிடுவார். குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது வழக்கம். அடக்கப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இறந்த அண்ணனின் தேதி தம்பிக்குப் போய்விடும். எழுதத் தெரியாதவர் சொன்ன குடும்பப் பெயரைக் குரு தன் காதுக்குப் பட்டபடி எழுதியிருப்பார். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளின் பழைய பதிவேடுகளில் பெரும்பாலானவை 1837-க்குப் பின் லண்டனுக்குப் போய்விட்டன. அவர்கள் அங்கே எழுதிக் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தை விசாரித்தவர் கலால் துறை அதிகாரி. முடிவு சொன்னது உள்ளூர்க் குழு. இடையில், பூட்டிய பெட்டியின் சாவியோடு குருவானவர். தயவு தேவைப்படாத பணத்துக்கும் அவருடைய ஏட்டிலிருந்து ஒரு வரி தேவைப்பட்டது. பல குருமார் அந்தப் பழைய பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டிக் கொடுத்தார்கள். வயதான உழைப்பாளிகளுக்கு அவர்கள் செய்த நல்ல பணிகளில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் மூன்றும் கலந்தன. 1902-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் திருச்சபைப் பள்ளியின் அன்றாடச் செலவும் ஆசிரியர் சம்பளமும் மாவட்ட வரியிலிருந்து. கட்டடம் திருச்சபையின் பொறுப்பு. ஆறு நிர்வாகிகளில் நால்வர் திருச்சபையின் ஆட்கள். "எங்கள் வரிப்பணத்தில் உங்கள் மதபோதனையா?" என்று மற்ற சபையார் கொதித்தார்கள், ஜான் கிளிஃபோர்டு என்ற பாப்டிஸ்ட் போதகரின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பங்கு வரியைக் கட்ட மறுத்தார்கள், வீட்டுச் சாமான்கள் ஜப்தியாகி ஏலம் போயின. அந்த நாட்களின் பள்ளி நாட்குறிப்புகளைப் படித்தால், மழை பெய்தால் காலணி இல்லாத பிள்ளைகள் வரவில்லை, உருளைக்கிழங்கு எடுக்கவும் வயலில் கல் பொறுக்கவும் போய்விட்டார்கள், தட்டம்மையால் பள்ளி மூடப்பட்டது என்று வாரம் தவறாமல் வரும். அரசு மானியம் பிள்ளைகளின் வருகையைப் பொறுத்தது என்பதால் இந்த வரிகளுக்குப் பின்னால் தலைமை ஆசிரியரின் கவலை இருக்கிறது.

இந்த அமைப்புகள் எல்லாம் ஒரே ஊரில் மோதிக்கொண்ட இடம் நார்ஃபோக்கில் உள்ள பர்ஸ்டன். ஆனி ஹிக்டன் அங்கே தலைமை ஆசிரியை. கணவர் டாம் ஹிக்டன் உதவி ஆசிரியர், பண்ணைத் தொழிலாளர் சங்கத்துக்காரர். 1913 பாரிஷ் மன்றத் தேர்தலில் டாம் முதலிடம் பெற்றார், ரெக்டர் எனப்பட்ட ஊர்க் குருவானவர் தோற்றார். பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவரும் அதே ரெக்டர்தான். நனைந்து வந்த பிள்ளைகளுக்காக அனுமதியின்றி அடுப்பு மூட்டியது வரை புகார்கள் எழுந்து, இருவரும் நீக்கப்பட்டார்கள். 1914 ஏப்ரல் 1 அன்று 72 பிள்ளைகளில் 66 பேர் பள்ளியை விட்டு ஊர்வலமாக வெளியேறினார்கள். பெற்றோருக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது. ஹிக்டன் தம்பதியை ஆதரித்தவர்களில் திருச்சபை மானிய நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தவர்களுக்கு, வெளியேறச் சொல்லி ரெக்டர் நோட்டீஸ் கொடுத்தார். பிள்ளைகள் புல்வெளியிலும் தச்சுப் பட்டறையிலும் படித்தார்கள். தொழிற்சங்கங்கள் நாடு முழுவதும் திரட்டிய நிதியில் 1917-இல் அவர்களுக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. அந்தப் பள்ளி 1939 வரை நடந்தது.

வணக்கம்.