பச்சை நிறத்தை நம்பாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். "புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "புரிந்தது சார்" என்று சொல்லும். அந்தக் குரலை நம்பிப் பல ஆண்டுகள் ஏமாந்த கணக்கு வாத்தியார் நான்.

இப்போது பிளிக்கர்ஸ் என்ற செயலியைப் பயன்படுத்துகிறேன். மாணவர்களுக்குச் செல்பேசி வேண்டாம். ஆளுக்கொரு அட்டை போதும். அட்டையில் கறுப்புக் கட்டங்களாலான ஓர் உருவம், அதைச் சுற்றி ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்துகள். தன் விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். என் செல்பேசியின் கேமராவை வகுப்பின் பக்கம் ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடும்; சரியான விடை என்றால் பச்சை நிறம். அட்டைக்கு அட்டை உருவம் வேறு. பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடிப்பது கடினம். அட்டை கிழியாமல் இருக்கட்டும் என்று லேமினேட் செய்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அவை பளபளக்க, கேமரா பாதியைப் படிக்கவே இல்லை. காசுக்குத் தண்டம்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் கேட்டேன்: 0.45, 0.405, 0.5, 0.125, இவற்றில் பெரியது எது? பாதிப் பேருக்கு மேல் 0.405 என்றார்கள். கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. முழு எண்ணில் இலக்கம் கூடினால் மதிப்பு கூடும். அந்த வழக்கத்தைப் புள்ளிக்கு அப்பாலும் கொண்டுபோகிறார்கள். ஐந்தைவிட 405 பெரியதுதானே!

உடனே விடையைச் சொல்லவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1990களிலேயே செய்துகாட்டிய வழி ஒன்று உண்டு: பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி விடை சொல்ல வைப்பது. அப்படியே வாதாட விட்டேன். ஒருத்தி தையல் டேப்பைக் கேட்டு வாங்கி, அரை மீட்டர் என்றால் 50 சென்டிமீட்டர், 0.405 மீட்டர் என்றால் நாற்பதரைதான் என்று விரலை வைத்துக் காட்டினாள். இரண்டாம் முறை திரையில் பெரும்பாலும் பச்சை.

எனக்கு ஒரே பெருமை. முதல் முறையே 0.5 என்று பிடித்திருந்த சிறுமியிடம் காரணம் கேட்டேன். "புள்ளிக்கு அப்புறம் ஒரே ஓர் இலக்கம்தானே சார் இருக்கிறது, அதனால் அதுதான் பெரியது" என்றாள்.

மறுநாள் 0.3, 0.47 இரண்டையும் எழுதிப்போட்டேன். அவள் அட்டையில் 0.3க்குரிய எழுத்து மேலே இருந்தது.