பிளஸ் டூ பொறுப்பு உங்கள் கைக்கு வரும்போது

(கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பகுதி ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம்.

ஹயர் செகண்டரிப் பொறுப்பு, அதாவது பிரின்சிபால் பதவி என்றதும் ஃபைல்தான் கண்ணுக்குள் வரும். வராமல் என்ன செய்யும்? நம் அரசுப் பள்ளிகளில் அந்தப் பிரிவுக்குக் கிளார்க்கே கிடையாது. கேரள அரசின் சம்பள மென்பொருளான ஸ்பார்க்கில் சம்பள பில் போடுவதும் பிரின்சிபால்தான், வகுப்பெடுப்பதும் அவர்தான். ஆனாலும் சொல்கிறேன், உங்கள் முதல் வேலை அந்த மேசையில் இல்லை. பத்தாம் வகுப்புக் கட்டடத்தில் இருக்கிறது.

2019-இல் பள்ளிக்கல்வி, ஹயர் செகண்டரி, தொழிற்கல்வி ஹயர் செகண்டரி என்ற மூன்று இயக்குநரகங்களையும் பொதுக்கல்வி இயக்குநரகமாக ஒன்றாக்கினார்கள். பிரின்சிபால் பள்ளி முழுமைக்கும் தலைவர், ஹெட்மாஸ்டர் வைஸ் பிரின்சிபால் என்றார்கள். சரி, காகிதத்தில் ஒன்றாகிவிட்டோம். ஹைஸ்கூல், ஹயர் செகண்டரி என்ற இரண்டு ஸ்டாஃப் ரூமும் ஒன்றாயிற்றா?

பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பத்தையே பாருங்கள். வடகரப்பதியிலும் எருத்தேம்பதியிலும் இருந்து வரும் பெற்றோர் அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் போய் உட்கார்ந்து, யாரோ சொன்ன வரிசையில் ஆப்ஷன் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மேலே இருக்கும் ஆப்ஷன் கிடைத்துவிட்டால் கீழே இருப்பதெல்லாம் தானாகவே போய்விடும். படித்த பள்ளிக்கும், சொந்தப் பஞ்சாயத்துக்கும், தாலுகாவுக்கும் போனஸ் புள்ளி உண்டு. இதையெல்லாம் ரிசல்ட் வருவதற்கு முன்பே அவர்களைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அப்புறம் லேப். பத்து வரை தமிழில் அறிவியல் படித்த பெண், பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கிறாள். பிராக்டிகல் நாளில் வெர்னியர் அளவுகோலைச் சரியாகப் பிடித்து, அளவைச் சரியாக எழுதிவிடுவாள். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஒரு கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். ‘படிக்கவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு இதில்தான் கோபம் வரும்.

அங்கே பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழியாகக் கொல்லத்திலிருந்தோ கோட்டயத்திலிருந்தோ வந்த சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, பாவம். ஜூன் மாதம் ஹைஸ்கூல் அறிவியல் டீச்சரை அவரோடு லேபில் நிறுத்துங்கள். முதல் டெர்ம் முழுக்க வைவாக் கேள்வியை முதலில் தமிழில் கேட்கட்டும், பதில் வந்ததும் அதையே ஆங்கிலத்தில் சொல்ல வைக்கட்டும். இதற்கு மேலிருந்து எந்த உத்தரவும் வர வேண்டாம். டைம்டேபிளில் ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும். டைம்டேபிள் போடுவது நீங்கள்தானே.