என் சித்தப்பாவுக்கு கொன்சவேட்டிவ் கட்சி மேல் ஏன் இவ்வளவு கோபம்?

வணக்கம். கமராவைச் சமையலறை மேசையில்தான் வைத்திருக்கிறேன், பின்னால் பிரிட்ஜ் இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சமையலும் இல்லை, பயணமும் இல்லை. கொஞ்சக் காலமாக மனதில் கிடக்கிற ஒரு விஷயத்தைப் பேசப் போகிறேன்.

என் சித்தப்பாவை உங்களில் சிலர் பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் கடை வைத்திருக்கிறார். பால், பாண், பத்திரிகை, பியர், லொத்தர் சீட்டு எல்லாம் விற்கிற மூலைக்கடை. காலை ஐந்தரைக்குத் திறந்தால் இரவு பத்துக்குத்தான் பூட்டுவார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வாக்குரிமை கிடைத்த நாளிலிருந்து பிரித்தானியாவின் வலதுசாரிக் கட்சியான கொன்சவேட்டிவ் கட்சிக்குத்தான் போட்டு வந்தார். நான் அந்தக் கட்சிக்குப் போட்டதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்துவிட்டேன் என்று இருக்கக் கூடாது. ஆனால் அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. அதை யாரும் சரியாகக் கேட்பதில்லை என்ற வருத்தமும் இருக்கிறது.

எங்கள் ஆட்களில் கடைக்காரர்கள் பலர் ஏன் அந்தக் கட்சிப் பக்கம் போனார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். சித்தப்பாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அவர் வந்தபோது பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் ஒரு பலசரக்குக் கடைக்காரரின் மகள். கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தவர். சொந்தத் தொழில், சொந்த வீடு, பிள்ளைகளின் படிப்பு, சட்டத்துக்கு மரியாதை, உழைத்த காசில் அரசாங்கம் அதிகம் கைவைக்காமல் இருப்பது. இவ்வளவையும் தன் வாழ்க்கையில் ஏற்கெனவே கடைப்பிடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அந்தக் கட்சி சொந்த வீடு மாதிரித் தெரிந்தது.

சரி, கோபத்துக்கு வருவோம்.

2024 ஜூலை 4 தேர்தலில் கொன்சவேட்டிவ் கட்சிக்கு 121 ஆசனங்கள்தான் கிடைத்தன. அந்தக் கட்சியின் வரலாற்றிலேயே இவ்வளவு மோசமாகத் தோற்றதில்லை. அடுத்த நாள் தொலைக்காட்சியில் பேசியவர்கள் எல்லோரும் தோல்வியைப் பற்றியே பேசினார்கள். சித்தப்பா சொன்னது வேறு. "தோத்த கட்சிக்கு வோட்டுப் போட்டவன் ஆத்தாமையிலை கத்துவான், அது சரி. நான் போன முறை வெண்ட கட்சிக்கெல்லோ போட்டனான். எனக்கேன் இந்தக் கதி?"

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பழைய தேர்தல் முடிவுகளைத் திரும்பப் பார்த்தேன். 2010இல் டேவிட் கமரூன் தலைமையில் அந்தக் கட்சிக்கு 36 வீத வாக்கு. 2015இல் கிட்டத்தட்ட 37. 2017இல் தெரேசா மே பெரும்பான்மையை இழந்தார், ஆனாலும் வாக்கு 42 வீதத்துக்கு ஏறியது. 2019இல் பொறிஸ் ஜோன்சனுக்கு 43.6 வீதம், 365 ஆசனங்கள். யோசித்துப் பாருங்கள். நான்கு தேர்தல்களிலும் ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட அதிக வாக்கு வீதம். மக்கள் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஐந்தாவது முறை அது 23.7 வீதத்துக்கு விழுந்தது. கேட்டதற்கு மேல் கொடுத்தவர்கள் ஒரே தடவையில் கையை விரித்தால், அந்தக் கட்சி ஆட்சியில் இருந்த பதினான்கு வருடத்துக்குள் என்ன நடந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

கடையிலிருந்தே தொடங்குகிறேன், எனக்கு நேரில் தெரிந்தது அதுதான். சித்தப்பாவின் கடையில் இப்போது கோப்பிப் போத்தல் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது. சீஸ் கட்டிக்கு அலாரம் மாட்டியிருக்கிறார். ஒருவன் வாரத்துக்கு இரண்டு முறை வந்து, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பையை நிரப்பிக்கொண்டு போவான். முதல் நான்கைந்து தடவை முறைப்பாடு செய்தார். ஒரு இலக்கம் கொடுத்தார்கள். அந்த இலக்கங்களை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். யாரும் வந்து பார்க்கவில்லை. இது அவர் ஒருவருடைய கதை இல்லை. 2024ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸில் பதிவான கடைத் திருட்டுகள் 5 இலட்சத்தைத் தாண்டின. கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு அதுவரை அவ்வளவு பதிவானதில்லை. முறைப்பாடு செய்வதையே கைவிட்ட சித்தப்பா மாதிரி ஆட்கள் அந்தக் கணக்கில் இல்லை.

இதில் அவரை உண்மையாகக் காயப்படுத்தியது எது தெரியுமா? சட்டம் ஒழுங்கு என்றால் நாங்கள்தான் என்று சொல்லி வாக்குக் கேட்ட கட்சி, 2010க்குப் பிறகு சிக்கனம் என்ற பெயரில் கிட்டத்தட்ட 20,000 பொலிஸாரைக் குறைத்தது. 2019இல் அதே கட்சி 20,000 பொலிஸாரைச் சேர்ப்போம் என்று வாக்குறுதி கொடுத்தது. சேர்த்தும் விட்டார்கள். ஆனால் இடையில் போன அனுபவசாலிகள் திரும்பி வரவில்லை. 2014இல் ஒரு சட்டமும் கொண்டு வந்தார்கள்: 200 பவுண்ஸுக்குக் குறைந்த கடைத் திருட்டு சிறிய குற்ற வகைக்குள் போனது. சட்டப்படி அதற்கும் தண்டனை உண்டு. நடைமுறையில் கடைக்காரர்களுக்கு விளங்கியதெல்லாம், இருநூறுக்குக் கீழே என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதுதான். கள்ளனுக்கும் அதுவே விளங்கியிருக்கிறது. அந்தப் பிரிவை நீக்குகிற சட்டமூலத்தை 2025இல் கொண்டு வந்தது எந்த அரசு? 2024இல் வென்று வந்த தொழிற்கட்சி அரசு. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் பதிலே சொல்லவில்லை, பால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்தது குடிவரவு. இதைப் பேசினால் உடனே இனவாதம் என்று சிலர் சொல்வார்கள். தோல் நிறத்தைப் பார்த்து வெறுக்கிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள், அவர்களிடம் எங்கள் குடும்பமே பேச்சு வாங்கியிருக்கிறது. ஆனால் வெறுப்பை மட்டும் வைத்து இந்தக் கோபத்தை விளக்கினால் பாதி விஷயம் விடுபட்டுப் போகும். 2010இல் கமரூன், நிகர குடிவரவை, அதாவது வருகிறவர்களில் போகிறவர்களைக் கழித்த எண்ணிக்கையை, வருடத்துக்குச் சில பத்தாயிரங்களாகக் குறைப்போம் என்றார். 2015 விஞ்ஞாபனத்திலும் அதே இலக்கு, 2017இலும் அதே. அந்த இலக்கு இருந்த காலத்தில் ஒரு வருடம்கூட அதை எட்டவில்லை. பிரெக்ஸிட் வந்தால், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகினால், கட்டுப்பாடு நம் கைக்கு வரும் என்றார்கள். வந்தது. கட்டுப்பாடு கைக்கு வந்த பிறகு, 2023இல் ஒரு கட்டத்தில் அந்த எண்ணிக்கை 9 இலட்சத்தைத் தாண்டியது.

அவர்களில் உக்ரைனிலிருந்தும் ஹொங்கொங்கிலிருந்தும் வந்தவர்கள் உண்டு, அதைச் சித்தப்பாவும் தப்பு என்று சொல்லவில்லை. மீதியில் பெரும் பகுதி அரசாங்கமே கொடுத்த மாணவர் விசாவும் வேலை விசாவும். முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஆள் இல்லை என்று 2022 பெப்ரவரியில் அந்த விசாவைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள்தான். 2024 மார்ச்சில், அந்த வேலைக்கு வருகிறவர்கள் இனிப் பிள்ளைகளையும் துணையையும் கூட்டி வரக் கூடாது என்று தடுத்தவர்களும் அவர்கள்தான். காணியை விற்று முகவருக்குக் காசு கட்டி வந்து, இரவு பகலாக வயோதிபர்களைக் குளிப்பாட்டி உணவூட்டுகிற பெண்களை எனக்குத் தெரியும். மேடையில் ஒரு கதை, விசா அலுவலகத்தில் இன்னொரு கதை என்றால், நம்பி வாக்களித்தவனும் ஏமாறுகிறான், நம்பி வந்தவளும் ஏமாறுகிறாள். இந்த இரண்டாவதை நான் சொன்னபோது சித்தப்பா தலையாட்டினார்.

சின்னப் படகுகளில் கடல் கடந்து வருகிறவர்களை ருவாண்டாவுக்கு அனுப்புகிற திட்டம் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2022 ஏப்ரலில் அறிவித்தார்கள், 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது, ஆட்சி முடியும்வரை கட்டாயமாக அனுப்பப்பட்ட ஒருவர்கூட இல்லை.

வரி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. வரி கட்டத் தேவையில்லாத வருமான எல்லை 12,570 பவுண்ஸ். 2021 வரவு செலவுத் திட்டத்தில் அந்த எல்லையை அப்படியே உறைய வைத்தார்கள், பிறகு 2028 வரை நீட்டினார்கள். இதற்குள் பணவீக்கம் 2022 ஒக்டோபரில் 11.1 வீதத்துக்குப் போனது. விலை ஏற, சம்பளமும் கொஞ்சம் ஏறும். எல்லை நகராததால் அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு வரிக்குப் போகும். வரி வீதத்தைத் தொடவில்லை என்று மேடையில் சொல்லலாம், சம்பளச் சீட்டில் பார்த்தால் தெரியும். வரியைக் குறைக்கிற கட்சி என்று நம்பியவர்களின் ஆட்சியில்தான் இது நடந்தது.

வரியைக் குறைக்கிறேன் என்று உண்மையாகவே இறங்கியவர் லிஸ் ட்ரஸ். 2022 செப்டம்பர் 23 அன்று 45 பில்லியன் பவுண்ஸ் அளவுக்கு வரிக்குறைப்பு அறிவித்தார்கள், காசு எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. சந்தை கலங்கியது, இங்கிலாந்து வங்கி தலையிட வேண்டி வந்தது. பிரதமர் பதவியில் அவர் இருந்தது 49 நாள். சித்தப்பாவின் மகளுக்கு வீட்டுக் கடனின் நிலையான வட்டிக் காலம் அந்த வருடக் கடைசியில்தான் முடிந்தது. இரண்டு வீதத்துக்கும் குறைவாகக் கட்டியவள் ஆறு வீதத்துக்குக் கையெழுத்து வைத்தாள். சிக்கனமாக இரு, கணக்குப் பார்த்துச் செலவழி என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வளர்த்த மனிதர் அவர். தன் கட்சி கணக்குப் பார்க்காமல் செய்த வேலைக்குத் தன் பிள்ளை காசு கட்டுகிறாள் என்பதை அவரால் இன்னும் செரிக்க முடியவில்லை.

அப்புறம், மகாராணி. சிரிக்காதீர்கள், இது அந்தக் கட்சிக்கு வாக்களித்தவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. 2021 ஏப்ரல் 17 அன்று கணவரின் இறுதிச் சடங்கில் எலிசபெத் மகாராணி முகக்கவசத்தோடு தனியே உட்கார்ந்திருந்தார். விதி அப்படி, அவரும் மதித்தார். அதற்கு முந்தைய இரவு பிரதமரின் அலுவலகத்தில் ஊழியர்களின் பிரியாவிடை விருந்துகள் நடந்தன என்பது பிறகு வெளியே வந்தது. ஜோன்சன் அவற்றில் இருக்கவில்லை, ஆனால் வேறொரு கூட்டத்துக்காக அவருக்கும் அப்போது நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக்குக்கும் பொலிஸ் அபராதம் விதித்தது. எங்கள் அம்மம்மாவின் செத்தவீட்டைக் குடும்பத்தில் முக்கால்வாசிப் பேர் சூமில்தான் பார்த்தோம். சித்தப்பா அன்றைக்கும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று கடை நடத்தினார்.

இப்போது கொன்சவேட்டிவ் கட்சிக்கு வாக்களித்தவர்களில் நிறையப் பேர், குடிவரவைக் கடுமையாக எதிர்க்கிற நைஜல் ஃபராஜின் ரிஃபோர்ம் கட்சிக்குப் போய்விட்டார்கள். 2024இல் அந்தக் கட்சிக்கு 14.3 வீத வாக்கு, ஐந்தே ஆசனம். 12.2 வீதம் எடுத்த லிபரல் டெமோகிராட்களுக்கு 72 ஆசனம். 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் கென்ட் கவுன்சிலையே ரிஃபோர்ம் பிடித்தது. எனக்கு அந்தக் கட்சியின் பேச்சு பயமாக இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இலங்கையில் ஒரு பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரிந்த ஆட்கள் நாங்கள். சித்தப்பாவும் அங்கே போகவில்லை. "அவங்கள் என்னைத்தான் போகச் சொல்லுறாங்கள்" என்றார்.

2024 தேர்தல் நாளன்று மாலை நான் கடையில் இருந்தேன். வாக்காளர் அட்டை கல்லாவுக்குப் பக்கத்தில், அந்த முறைப்பாட்டுக் கொப்பிக்குள் செருகியிருந்தது. ஒன்பது மணிக்கு, "போங்கோ சித்தப்பா, நான் கடையைப் பார்க்கிறன்" என்றேன். வாக்குச்சாவடி நடந்தால் நான்கு நிமிடம். அவர் வாசலில் கிடந்த பத்திரிகைத் தட்டை உள்ளே எடுத்து வைத்தார், சில்லறையை எண்ணிக் கட்டினார். பத்து மணிக்கு வழக்கம்போல ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.