118 கிலோ எடைக்கு 1200 கலோரி போதுமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். ஆனால் அதற்குள்ளேயே மூன்று நான்கு கேள்விகள் இருக்கின்றன. அப்படியே படித்துவிடுகிறேன்.

"எனக்கு 38 வயது, எடை 118 கிலோ, உயரம் 162 சென்டிமீட்டர். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. 75 கிலோவுக்கு வர வேண்டும். போனில் உள்ள ஆப் ஒரு நாளைக்கு 1200 கலோரி என்கிறது. மத்தியானம் வரை சமாளித்துவிடுகிறேன், இரவு எட்டு மணிக்கு மேல் முடியவில்லை, கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிடுகிறேன். கலோரிக் கணக்கை இப்போதைய எடைக்குப் போட வேண்டுமா, வர வேண்டிய எடைக்கா? எடை குறையக் குறைய மாற்ற வேண்டுமா? என் கணவரும் (42 வயது, 90 கிலோ, 172 சென்டிமீட்டர்) இதே அளவில் சாப்பிடலாமா?"

அந்த எட்டு மணி விஷயத்தை முதலில் பேசிவிடலாம். அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள், சகோதரி. கணக்கைப் போட்டால் காரணம் தெரிந்துவிடும்.

1990இல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜோர் சூத்திரம்தான் இன்றைக்கும் பலர் பயன்படுத்துவது. பேனா எடுத்துக்கொள்ளுங்கள். எடையைப் பத்தால் பெருக்கினால் 1180. உயரத்தை 6.25ஆல் பெருக்கினால் சுமார் 1012. இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கு, அதாவது 190ஐக் கழியுங்கள். பெண் என்பதால் இன்னொரு 161 கழிக்க வேண்டும். வருவது ஏறக்குறைய 1840. சும்மா படுத்திருந்தாலே உங்கள் உடம்பு செலவழிப்பது இது. உட்கார்ந்த வேலை என்பதால் 1.2ஆல் பெருக்கினால் 2200 சொச்சம். இந்த அளவு சாப்பிட்டால் எடை ஏறாது, இறங்காது.

இப்போது 1200ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் ஆயிரம் கலோரி துண்டு விழுகிறது. எட்டு மணிக்குப் பசிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆப் ஏன் அப்படிச் சொன்னது? என் ஊகம் இது. ஆரம்பத்தில் "வாரம் எத்தனை கிலோ குறைய வேண்டும்?" என்று கேட்டிருக்கும், நீங்கள் ஒரு கிலோ என்று தட்டியிருப்பீர்கள். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்பது வழக்கமான கணக்கு. ஏழு நாளுக்குப் பிரித்தால் தினம் 1100 குறைக்க வேண்டும். 2200இல் 1100 போனால் மிச்சம் 1100. பெண்களுக்கு 1200க்குக் கீழே காட்டுவதில்லை என்று பல ஆப்கள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. அதனால் அதில் முட்டி நின்றிருக்கும். உங்களுக்கென்று கணக்குப் போட்டு வந்த எண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது வெறும் அடிமட்டம்.

சரி, இப்போதைய எடையா, வர வேண்டிய எடையா? இப்போதைய எடைதான். சுமந்து நடப்பதும் மூச்சு விடுவதும் இன்றைய 118 கிலோ உடம்புதானே. ஆனால் வர வேண்டிய எடைக்கும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள், அதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அதே சூத்திரத்தில் 75 கிலோவைப் போட்டால் சுமார் 1410, 1.2ஆல் பெருக்கினால் 1690. அதாவது 75 கிலோவை எட்டியபின், இதே உட்கார்ந்த வாழ்க்கையில், நீங்கள் காலமெல்லாம் சாப்பிடப் போவது கிட்டத்தட்ட 1700. இன்றைக்கு 2200இல் 500 குறைத்தாலும் அதே 1700தான் வருகிறது. அதனால் 1700இல் தொடங்குங்கள் என்பேன். பின்னால் எப்படியும் பழக வேண்டிய சாப்பாட்டை இப்போதே பழகிவிடுகிறீர்கள்.

வாரத்துக்கு அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். "43 கிலோ குறைய இரண்டு வருஷம் ஆகுமே!" என்பீர்கள். ஆகும், கூடவும் ஆகும். எடை இறங்க இறங்க வேகமும் குறையும். அவசரம் என்றால் 1500 வரை போகலாம், நான்கைந்து மாதம் 1700 பழகியபிறகு. முதல் நாளே அடிமட்டத்தில் நின்றால், எடை நகராமல் போகும் காலத்தில் குறைப்பதற்கு உங்கள் கையில் எதுவும் இருக்காது. வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடும், தசையும் சேர்ந்து கரையும். தசைக்காகப் புரதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வர வேண்டிய எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு நாளைக்கு 90 கிராம். பசி தாங்கவும் அதுதான் உதவும்.

இன்னொன்று. இந்த 1700 ஒரு மதிப்பீடுதான், சரியா தப்பா என்று எடை மெஷின்தான் சொல்லும். தினமும் காலையில், கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் குடிப்பதற்கு முன் ஏறி நின்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் எடையை நம்பாதீர்கள். உப்பு கூடினாலும் மாதவிலக்கு நெருங்கினாலும் ஒன்றிரண்டு கிலோ சும்மா ஏறி இறங்கும். ஏழு நாள் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று கிலோ போனால் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம், அதில் பெரும்பகுதி தண்ணீர். நான்கு வாரம் பார்த்தபின் பேசலாம்.

நான்கு வாரம் ஆகியும் அசையவில்லையா? உடனே 1700ஐக் குறைக்காதீர்கள், முதலில் அளவைச் சரிபாருங்கள். 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 1200க்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். உண்மையில் சாப்பிட்டதில் பாதி அளவுக்கு அவர்கள் கணக்கில் வரவே இல்லை. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணளவு அப்படித்தான். என் வீட்டிலேயே ஒருநாள் வாணலியைத் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கிவிட்டு, வழக்கம்போல் "ஒரு ஸ்பூன்" எண்ணெய் ஊற்றினேன். 28 கிராம் காட்டியது. கிராமுக்கு ஒன்பது கலோரி, ஆக 250. நான் எழுதி வைத்திருந்தது 120. இரண்டு வேளை இப்படி ஊற்றினால் உங்கள் 500இல் பாதி போச்சு. எண்ணெய், சர்க்கரை, கொறிக்கும் பருப்பு வகைகள், இந்த மூன்றையும் மட்டுமாவது ஒரு மாதம் எடை போட்டுச் சேருங்கள். அப்புறம், நடந்தால் 400 கலோரி செலவாயிற்று என்று வாட்ச் காட்டும். அதைச் சாப்பிட உரிமைச்சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எப்போது மாற்றுவது? பத்து கிலோ குறைந்தால் சூத்திரத்தில் 100 குறைகிறது, 1.2ஆல் பெருக்கினால் 120. அதனால் வாராவாரம் மாற்றுவது வீண் வேலை. பத்து கிலோவுக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் போடுங்கள், அதுவும் இறக்கம் உண்மையிலேயே மந்தமாகியிருந்தால் மட்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவராக இருந்தால், சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். பழைய அளவு மருந்தோடு புதிய அளவு சாப்பாடு என்றால் சர்க்கரை திடீரென்று கீழே போய்விடும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் இதேபோல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம். 800க்குக் கீழான உணவுத் திட்டமெல்லாம் மருத்துவக் கண்காணிப்பில் மட்டும்தான்.

கடைசியாக உங்கள் கணவர். அவருக்கு 42 வயது, 90 கிலோ, 172 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்களுக்கு 161 கழிப்பதற்குப் பதிலாக ஐந்தைக் கூட்ட வேண்டும். அவருக்கு 1770 வருகிறது, அவரும் உட்கார்ந்த வேலை என்றால் 2120. ஆண், அதிகம் சாப்பிடலாம் என்று அவர் நினைத்திருப்பார். இன்றைய தேதிக்கு உங்கள் செலவு அவரைவிட 80, 90 கலோரி அதிகம். 500 குறைத்து அவர் 1620இல் நிற்கட்டும், நீங்கள் 1700.